முற்றிய புற்றுநோயும் வினாத்தாள் கருவிகளும்

மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குச் சென்றுவரும் புற்றுநோயாளி ஒருவரை நினைத்துப் பார்ப்போம். அவர் வைகறையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, இரண்டு பேருந்துகள் மாறி, நண்பகல்வரை காத்திருந்து மருத்துவரின் முன் அமரும் நேரம் ஏழெட்டு நிமிடங்களே ஆகும். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்கிறார். "பரவாயில்லை, ஐயா" என்று விடை வருகிறது. முந்திய வாரத்தில் நான்கு இரவுகள் வாந்தியெடுத்ததும், ஆறு நாட்கள் மலம் கழியாமல் வயிறு கல்லாய் இறுகிக் கிடந்ததும், கொடுத்த மாத்திரையைக் குமட்டலுக்கு அஞ்சித் தாமாகவே நிறுத்திவிட்டதும் அந்த ஏழெட்டு நிமிடங்களில் இடம்பெறுவதில்லை. வீடு திரும்பும் வழியில்தான் அவருக்கு அவை நினைவுக்கு வருகின்றன.

நோயாளர் வாய் திறவாமைக்குக் காரணங்கள் பல. இந்நோய்க்கு வலி இயல்பே என்று எண்ணுவோர் உளர். துன்பத்தைச் சொன்னால் மருத்துவர் மருந்தை நிறுத்திவிடுவாரோ என்று அஞ்சுவோர் உளர். மலம், சிறுநீர் பற்றிப் பிறர் முன்னிலையில் பேசக் கூசுவோர், குறிப்பாகப் பெண்டிர், மிகப் பலர். மருத்துவர் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. நோயாளர் தாமே எழுதிய குறிப்புகளையும், அதே நாளில் மருத்துவர் எழுதிய குறிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகள் பல நாடுகளில் நடைபெற்றுள்ளன. நோயாளர் எழுதிய துன்பங்களில் பல, மருத்துவரின் குறிப்பில் காணப்படவில்லை. காணப்பட்டவையும் அளவில் குறைத்தே எழுதப்பட்டிருந்தன. அசதி, பசியின்மை, குமட்டல் போன்று வெளியே கண்ணுக்குப் புலப்படாதவற்றில் இவ்வேற்றுமை மிகுதி. இது மருத்துவரின் கவனக்குறைவு என்று கூறிவிடுவதற்கில்லை. பிறர் உடலில் உள்ள அசதியைப் பார்த்து அளப்பதற்கு எவராலும் இயலாது.

இவ்விடைவெளியை நிரப்பும் பொருட்டே கடந்த இருபதாண்டுகளில் கணினி, கைத்தொலைபேசி ஆகியவற்றின் வாயிலாக நோயாளரை முறையாகக் கேட்டறியும் கருவிகள் தோன்றின. கருவி என்றதும் ஏதோ சிக்கலான பொறியென்று வாசகர்கள் எண்ணவேண்டுவதில்லை. அடிப்படையில் இது ஒரு வினாத்தாள். குறித்த நாளில் தானாகவே நோயாளரிடம் சென்று, விடையைப் பெற்று, அவ்விடை அபாயகரமானதாயின் உடனே ஒரு செவிலியருக்குச் செய்தி அனுப்பும் வினாத்தாள். அவ்வளவே.

கருவியின் அமைப்பு

வினாக்கள் எத்தகையவை என்பதை முதலில் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தேசியப் புற்றுநோய் நிலையம் புற்றுநோய்ச் சிகிச்சையில் தோன்றக்கூடிய 78 நோய்க்குறிகளைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் நோயாளரே மதிப்பிடத்தக்க எளிய வினாக்களாக அமைத்திருக்கிறது. கடந்த ஏழு நாட்களில் அக்குறி எத்தனை முறை தோன்றிற்று, மிக மோசமான வேளையில் எவ்வளவு கடுமையாயிருந்தது, அன்றாட வேலைகளுக்கு எவ்வளவு இடையூறு செய்தது என்பவையே அவ்வினாக்கள். எல்லாக் குறிகளுக்கும் இம்மூன்றும் கேட்கப்படுவதில்லை. பொருந்துவன மட்டுமே கேட்கப்படும். 78 குறிகளையும் ஒரே நோயாளரிடம் கேட்பது கொடுமையாகும். ஆகவே அவருடைய நோய்க்கும் மருந்துக்கும் ஏற்பப் பன்னிரண்டோ பதினைந்தோ தேர்ந்தெடுக்கப்படும்.

இதைவிடப் பழையதும் சுருக்கமானதும் ஆகிய வினாத்தாள் ஒன்றும் உண்டு. அது கனடாவிலுள்ள எட்மன்டன் நகரில் நோய்த் தணிப்புச் சிகிச்சை மருத்துவர்களால் 1991-ல் வெளியிடப்பட்டது. வலி, அசதி, குமட்டல், மூச்சுத்திணறல், பசி, தூக்கக்கலக்கம், மனச்சோர்வு, கவலை, பொதுவான உடல்நலம் ஆகிய ஒன்பதையும் சுழி முதல் பத்து வரையிலான எண்ணால் குறிப்பது இன்றுள்ள வடிவம். ஒரு தாளில் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இன்று கைத்தொலைபேசிகளில் ஏறியுள்ள கருவிகள் பலவற்றிற்கு இத்தாளே முன்னோடி எனலாம்.

விடை வந்தபின் நடப்பதே முக்கியமானது. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எல்லை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். விடை அவ்வெல்லையைக் கடந்தாலோ, சென்ற முறையைவிடத் திடீரென உயர்ந்தாலோ செவிலியருக்கு எச்சரிக்கைச் செய்தி செல்லும். அவர் நோயாளரைத் தொலைபேசியில் அழைப்பார். மருந்தளவை மாற்றவேண்டுமாயின் மருத்துவரைக் கேட்பார். நேரில் வரச் சொல்வார். எல்லைக்கு உட்பட்ட விடைகள் வரைபடமாகத் தொகுக்கப்பட்டு, அடுத்த சந்திப்பின்போது மருத்துவரின் முன் வைக்கப்படும்.

நியூயார்க்கில் நடந்த சோதனை

இம்முறை உண்மையில் பயன் தருமா என்பதை ஆராய்ந்த சோதனைகளுள் பெரிதும் பேசப்படுவது நியூயார்க் நகரிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் ஈத்தன் பாஷ் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் நடத்தியதாகும். 2007 முதல் 2011 வரை அங்குச் சிகிச்சைக்கு வந்த 766 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். அனைவருக்கும் மார்பு, நுரையீரல், சிறுநீர்ப்பாதை, கருப்பை முதலிய உறுப்புகளில் தோன்றிய புற்றுநோய் உடலின் பிற இடங்களுக்கும் பரவியிருந்தது. கீமோதெரபி என்று வழங்கும் மருந்துச் சிகிச்சையை அனைவரும் பெற்று வந்தனர். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் எவ்விதச் சார்புமின்றி அவர்கள் இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு தொகுதியினர் வழக்கம்போல் மருத்துவரிடம் வாய்மொழியாகத் தம் குறைகளைக் கூறிவந்தனர். மற்றத் தொகுதியினர் பசியின்மை, மலச்சிக்கல், இருமல், வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், சிறுநீர்க்கடுப்பு, அசதி, உடல் திடீரெனச் சூடேறுதல், குமட்டல், வலி, கைகால் மரத்துப்போதல், வாந்தி ஆகிய பன்னிரண்டையும் பற்றிக் கணினியில் விடையளித்தனர்.

முடிவுகள் 2016-லும் 2017-லும் வெளியாயின. ஆறு மாதங்களில் வாழ்க்கைத் தரம் உயர்ந்ததாகக் கண்டவர்கள் கணினித் தொகுதியில் நூற்றுக்கு 34 பேர், வழக்கத் தொகுதியில் 18 பேர். தரம் தாழ்ந்தவர்கள் முறையே 38, 53. ஓராண்டுக்குள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவேண்டியிருந்தவர்கள் முறையே 34, 41. கணினித் தொகுதியினர் தம் மருந்துச் சிகிச்சையைச் சராசரி 8.2 மாதங்கள் தாங்கிக்கொண்டனர்; மற்றவர்களால் 6.3 மாதங்களே இயன்றது. யாவரையும் வியப்பில் ஆழ்த்தியது உயிர்வாழ்ந்த கால அளவு. ஒரு தொகுதியில் பாதிப்பேர் எத்தனை மாதங்களைத் தாண்டி வாழ்ந்தனர் என்னும் இடைநிலை அளவு கணினித் தொகுதியில் 31.2 மாதங்களாகவும், வழக்கத் தொகுதியில் 26.0 மாதங்களாகவும் இருந்தது. புதிய மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை; கேட்கப்பட்டது மட்டுமே வேறு.

இச்சோதனையில் நம் கவனத்துக்குரிய மற்றொரு செய்தி உண்டு. சேர்ந்தவர்களுள் கணினியை முன்பின் அறியாதவர் ஒரு பகுதியினர். அவர்கள் வீட்டிலிருந்து விடையளிக்கவில்லை. மருத்துவமனைக்கு வரும்போது அங்கு வைத்திருந்த கணினியில் மட்டுமே விடையளித்தனர். கணினியில் பழகியவர்களைக் காட்டிலும் இவர்களுக்கே மிகுதியான நன்மை விளைந்தது. இத்தகைய கருவிகள் படித்தவர்க்கே, வசதியுள்ளவர்க்கே உரியவை என்று ஒதுக்கிவிடுவோர் இதனைக் கருதிப் பார்க்கவேண்டும். வழக்கமான முறையில் தம் குறையை எடுத்துச் சொல்லத் தெரியாதவருக்குத்தான் முறையாகக் கேட்கும் ஒருவர் பெரிதும் தேவைப்படுகிறார் போலும்.

வீட்டிலிருந்து விடையளித்தவர்களின் எச்சரிக்கைச் செய்திகளுக்குச் செவிலியர் என்ன செய்தனர் என்பதும் பதிவாகியுள்ளது. நூற்றுக்கு 77 செய்திகளுக்கு அவர்கள் குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்தனர்: தொலைபேசியில் அறிவுரை கூறினர், மருந்துக்கு ஏற்பாடு செய்தனர், சிகிச்சை மருந்தின் அளவைக் குறைக்க வழிசெய்தனர், வேறு மருத்துவரிடம் அனுப்பினர். கணினியின் மறுமுனையில் அச்செவிலியர் இல்லாதிருந்தால் மேற்கூறிய எண்களுள் ஒன்றேனும் தோன்றியிருக்காது என்பது எம் கருத்து.

பிரெஞ்சு நாட்டில் நுரையீரற் புற்றுநோயாளரிடையே நடந்த சோதனையும் இதே போக்கில் அமைந்தது. நோயாளரோ அவர் வீட்டாரோ வாரம் ஒருமுறை இணையத்தின் வாயிலாக விடையளிப்பர். கணக்கீடு ஒன்று ஐயத்துக்குரிய மாறுதலைக் கண்டால் மருத்துவருக்கு அறிவிக்கும். 2019-ல் வெளியான இறுதிக் கணக்கின்படி இடைநிலை வாழ்நாள் இம்முறையில் 22.5 மாதங்கள், குறித்த கால இடைவெளியில் ஊடுகதிர்ப்படம் எடுத்துப் பார்க்கும் வழக்க முறையில் 14.9 மாதங்கள். நோய் மீண்டும் தலைதூக்கியபோது உடல் இன்னும் நடமாடும் நிலையில் இருந்தவர்கள் இணையத் தொகுதியில் நூற்றுக்கு 76 அளவில் இருந்தனர். மற்றதில் 33 அளவிலேயே இருந்தனர். அந்நிலையில்தான் அடுத்த சிகிச்சையை உடல் தாங்கும்.

இவ்வளவில் நிறுத்திக்கொள்வது வாசகர்களுக்கு நீதியாகாது. மேற்கண்ட முடிவுகளைப் பெரிய அளவில் சரிபார்க்கும் பொருட்டு அமெரிக்காவில் 52 சிகிச்சை நிலையங்களில் 1,191 நோயாளரிடையே மற்றொரு சோதனை நடைபெற்றது. இதில் இணையம் இல்லாதவர்க்குத் தானியங்கித் தொலைபேசியும் உண்டு. குரல் கேட்கும், எண்ணை அழுத்தினால் போதும். அனுப்பிய வாராந்தர வினாத்தாள்களுள் நூற்றுக்கு 91-க்கு மேல் விடையுடன் திரும்பின. நோயுற்றவர் இவற்றையெல்லாம் நிரப்பிக்கொண்டிருப்பாரா என்று ஐயுற்றவர்களுக்கு இதுவே விடை. 2022-ல் வெளியான முடிவின்படி உடலியக்கம், நோய்க்குறிகளின் கட்டுப்பாடு, வாழ்க்கைத் தரம் மூன்றும் மேம்பட்டிருந்தன; மேம்பாடு சிறிதேயெனினும் உண்மையானது. ஆனால் 2025-ல் வெளியான இறுதி முடிவில், வாழ்நாள் நீட்சி காணப்படவில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு முதன்முறை செல்லவேண்டிய நாள் மட்டும் தள்ளிப்போயிற்று.

ஆகவே "வினாத்தாள் ஆயுளை நீட்டிக்கும்" என்று எவரேனும் கூறக் கேட்டால், அது ஒரு மருத்துவமனையிலும் ஒரு பிரெஞ்சுச் சோதனையிலும் கண்டதென்றும், பின்னர் பல நிலையங்களில் காணப்படவில்லையென்றும் அறிந்துகொள்க. துன்பம் தணிகிறது என்பது மூன்றிலும் ஒத்து நிற்கும் பகுதி. முற்றிய நோயில் அதுவே வேண்டப்படுவதும் ஆகும். கிடைத்த மாதங்களைக் குமட்டலின்றி, உறங்கி எழுந்து, பேரக்குழந்தையுடன் பேசிக் கழிக்க இயலுமாயின் அதனைச் சிறு பயனென்று எண்ணலாகாது.

சில நாட்களில் மாறிவிடும் துன்பங்கள்

வாரந்தோறும் கேட்பதால் ஏன் வேற்றுமை விளைகிறது? மூன்று வாரங்கள் காத்திருக்க முடியாத துன்பங்கள் பல இருப்பதனாலேயே. இதை விளக்கச் சில எடுத்துக்காட்டுகள் வேண்டும்.

கடுமையான வலிக்கு வாய்வழியாகக் கொடுக்கப்படும் மார்ஃபின் மாத்திரை, நான்கு மணிக்கு ஒருமுறை உட்கொள்ளவேண்டியது. இதனைத் தொடங்கிய முதல் சில நாட்களில் பலருக்குக் குமட்டலும் தூக்கக்கலக்கமும் உண்டாகும். இவை பெரும்பாலும் ஒரு வாரத்தில் தாமே அடங்கிவிடும். அதுவரை குமட்டலுக்கு வேறு மருந்து தரலாம். ஆனால் இதை அறியாத நோயாளர் இரண்டாம் நாளே "இம்மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று எறிந்துவிட்டு, எஞ்சிய பத்தொன்பது நாட்களை வலியில் கழிப்பார். மாறாக, மார்ஃபினால் வரும் மலச்சிக்கல் ஒருபோதும் தானே அடங்குவதில்லை. மருந்து உட்கொள்ளும் நாளெல்லாம் மலமிளக்கியும் உட்கொள்ளவேண்டும். நான்காம் நாள் கேட்டறிந்தால் மாத்திரையோடு முடிந்துபோகும் இத்தொல்லை, பத்தாம் நாள் மருத்துவமனைக் கட்டிலுக்கு இட்டுச் செல்லும்.

கீமோதெரபி பெற்றவருக்குக் காய்ச்சல் வருவது வேறு வகையான அபாயம். மருந்து செலுத்திய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையிலான காலத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் மிகவும் குறைந்திருக்கும். அப்போது வெப்பமானியில் 100.4 பாரன்ஹீட் பாகை அல்லது அதற்கு மேல் காட்டினால் அது வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்க்கத்தக்க காய்ச்சல் அன்று. அன்றே, அந்த மணியிலேயே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

முதுகுவலியைப் பற்றியும் ஒரு சொல். புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி, அதனுள் ஓடும் தண்டுவடத்தை நசுக்கத் தொடங்கும்போது முதற்கண் தோன்றுவது வலியே. கால்கள் வலுவிழப்பதும், சிறுநீர் கட்டுவதும் பின்னரே வரும். இடையில் சில வாரங்கள்கூட இருக்கலாம். கால்கள் நடந்துகொண்டிருக்கும்போதே மருந்தும் கதிர்வீச்சும் கிடைத்தவர்கள் பெரும்பாலும் நடந்துகொண்டேயிருப்பர். கால்கள் முழுவதும் செயலிழந்தபின் வந்தவர்களுள் மீண்டும் நடப்பவர் சிலரே. "புதிதாக முதுகுவலி உண்டா? படுத்தால் மிகுகிறதா? படியேறக் கால் தடுமாறுகிறதா?" என்னும் மூன்று கேள்விகள் ஒரு மனிதரின் கால்களைக் காக்கவல்லவை. இவற்றைக் கேட்பதற்குக் கணினி வேண்டும் என்பதில்லை. குறித்த நாளில் தவறாமல் கேட்க ஒருவர் வேண்டும்.

மூச்சுத்திணறலில் நிலைமை சற்று வேறு. இங்கு வீட்டிலேயே செய்யத்தக்க எளிய உதவிகள் உண்டு. சாய்ந்து உட்காரவைத்தலும், சாளரத்தைத் திறந்துவிடுதலும், சிறு கைவிசிறியால் முகத்தின்மேல் காற்றுப்படச் செய்தலும் உண்மையாகவே திணறலைக் குறைக்கின்றன. தொலைபேசியில் செவிலியர் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். குறைந்த அளவு மார்ஃபினும் மூச்சுத்திணறலைத் தணிக்கும். அது மருத்துவர் முடிவுசெய்யவேண்டியது.

கைக்கடிகாரம்போல் அணிந்து நடைக்கணக்கு, நாடித்துடிப்பு, உறக்கம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளும் முற்றிய நோயில் சோதிக்கப்பட்டு வருகின்றன. படுக்கையில் கழியும் நேரம் மிகுவதை அவை நோயாளருக்கு முன்பே உணர்த்தக்கூடும். எனினும் மேலே கூறிய அளவிற்கு அவற்றிற்குச் சான்று இன்னும் சேரவில்லை. கேள்விக்குத் தானே விடைகூறும் பொறிகளும் இப்போது பெருகியுள்ளன. மருந்தளவைப் பற்றி மருத்துவரின் மேற்பார்வையின்றி அவற்றிடம் கேட்டு நடப்பது தகாது.

சொற்களின் தொல்லை

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ளவன் என்ற முறையில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறோம். இவ்வினாத்தாள்களை நம் மொழிகளில் ஆக்குவது வெளிப்பார்வைக்கு எளிதாகத் தோன்றும்; பன்னிரண்டு சொற்கள்தானே! ஆனால் "சோர்வு" என்று எழுதினால் உடலின் களைப்பை நினைப்பார் ஒருவர், மனத்தின் வாட்டத்தை நினைப்பார் மற்றொருவர். "அசதி" என்றால் உடலையே குறிக்கும். "மலச்சிக்கல்" அச்சில் அழகாக உள்ளது. மூதாட்டி ஒருவர் "வெளிக்குப் போகவில்லை" என்றே சொல்வார். "இளைப்பு" சிலருக்கு மூச்சு வாங்குதல், சிலருக்கு உடல் மெலிதல், சிலருக்குப் பழைய ஈளைநோய். "குமட்டல்" வேறு, "வாந்தி" வேறு என்பதைத் தனித்தனியே கேட்காவிடில் இரண்டுக்கும் ஒரே விடை வரும். எல்லாவற்றிலும் தொல்லை தருவது "மிதமான" என்னும் சொல். அலுவலக மொழியில் அது நடுத்தர அளவு. காதில் விழும்போதோ இதமாக ஒலிக்கிறது. "மிதமான வலி" என்பதைத் தாங்கத்தக்க வலி என்று கொண்டு, எச்சரிக்கைக்கு உரிய துன்பத்தையும் ஒருவர் அதனுள் அடக்கிவிடலாம்.

இதனாலேயே முறையான மொழிபெயர்ப்பில் ஒருவர் மொழிபெயர்த்ததை மற்றொருவர் மூலமொழிக்குத் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிடுவதோடு நிறுத்தாமல், நோயாளர் சிலருடன் அமர்ந்து, "இவ்வினாவில் உங்களுக்கு விளங்கியது என்ன?" என்று கேட்டுச் சொற்களைத் திருத்துவர். களப்பணியாளர் தம் பகுதியில் வழங்கும் சொற்களைக் குறித்து வைத்திருப்பது இவ்வகையில் பெரிய உதவி. "பத்துக்கு எத்தனை?" என்னும் அளவும் பள்ளி சென்றவர்க்கே எளிது. மற்றவரிடம் "ஒரு ரூபாயில் எத்தனை காசு வலி?" என்று கேட்டுப் பார்க்கலாம், அல்லது முகபாவங்களை வரிசையாக வரைந்த படத்தைக் காட்டலாம். எவ்வளவை எடுத்துக்கொண்டாலும் ஒவ்வொரு வாரமும் அதே அளவால் கேட்கவேண்டும். இம்முறை காசும் அடுத்த முறை எண்ணும் ஆனால் ஒப்பிட வழியில்லை.

நம் நாட்டு நிலைமை

நம் நாட்டில் கைத்தொலைபேசி ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் உண்டு. ஆனால் அது யாருடையது? பெரும்பாலும் மகனுடையது அல்லது கணவருடையது. அவர் வேலைக்குப் புறப்படும்போது அதுவும் புறப்பட்டுவிடும். மாலையில் அவர் திரும்பி வந்து, தாயின் சார்பில் விரைவாக விடைகளை அழுத்தினால் நமக்குக் கிடைப்பது மகனின் மதிப்பீடேயன்றித் தாயின் விடை அன்று. வீட்டார் பிறருக்காக விடையளிக்கும்போது வலியைக் கூட்டியும் சொல்வதுண்டு, மறைத்தும் சொல்வதுண்டு.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உளது. நம் குடும்பங்களில் நோயின் பெயரை நோயாளரிடமிருந்தே மறைத்துவைக்கும் வழக்கம் பரவலானது. "அம்மாவுக்குக் கட்டி என்று மட்டும்தான் தெரியும்" என்று மகள் செவிலியரின் காதோடு சொல்வாள். அவ்வீட்டிற்குப் புற்றுநோய் என்ற தலைப்புடன் ஒரு செய்தி வந்து தொலைபேசியில் ஒளிர்ந்தால் நேர்வதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். மறைத்தல் சரியா தவறா என்பது தனி வாதம். நோயாளர்க்குத் தம் நிலையை அறியும் உரிமை உண்டென்பதே எம் எண்ணம். ஆயினும் அவ்வுண்மை ஒரு பொறியின் வாயிலாக எதிர்பாராமல் வெளிப்படுதல் கூடாது. ஒரு வீட்டில் இம்முறையைத் தொடங்குமுன் யார் என்ன அறிவார் என்பதைக் கேட்டறிதல் களப்பணியாளரின் கடமை.

கேரளத்தின் அனுபவம் இங்கு நினைவுகூரத்தக்கது. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோரின் முயற்சியால் தோன்றிய வலி மற்றும் நோய்த் தணிப்புச் சங்கமும், பின்னர் அயலாரைத் தொண்டர்களாகப் பயிற்றுவித்துப் பரவிய அமைப்பும் இவ்வகைக் கருவி எதுவும் இல்லாத காலத்திலேயே வீடுதேடிச் சென்று கேட்கும் பழக்கத்தை உண்டாக்கின. பயிற்சி பெற்ற அயலார் நோயாளரைப் பார்த்துவந்து செவிலியரிடம் சொல்வார். கல்லூரி மாணவரும் பள்ளி மாணவரும்கூட இதில் பங்குகொண்டனர். அம்மாநில அரசு 2008-ல் இதற்கெனத் தனிக் கொள்கையையே வெளியிட்டது. செய்தியைக் கொண்டுசெல்வது தொலைபேசியா அயல்வீட்டு மனிதரா என்பதைவிட, கொண்டுசென்ற செய்திக்கு மறுமொழி சொல்லும் செவிலியர் ஒருவர் இருப்பதே முக்கியம் என்பதற்கு இது நல்ல சான்று. 2020-ல் நோய்த்தொற்றினால் ஊரடங்கு வந்தபோது நாடெங்கும் நோய்த் தணிப்பு நிலையங்கள் தொலைபேசி வாயிலாகவே பணியைத் தொடர்ந்தன. முன்பே வீட்டாரை நேரில் அறிந்திருந்த நிலையங்களுக்கு அது எளிதாயிருந்திருக்கும் என்று சொல்லவேண்டுவதில்லை.

ஆனால் தொலைபேசியால் இயலாத ஒன்று உண்டு. அதே 2020-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ல் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதிக்கொடுத்தல் ஆகாது. மார்ஃபின் அவற்றுள் ஒன்று. 2014-ல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மருத்துவமனைகள் இம்மருந்தை வைத்திருப்பதற்கான உரிமமுறை எளிதாக்கப்பட்டது. எனினும் எல்லா மாவட்டங்களிலும் அது தடையின்றிக் கிடைக்கிறது என்று கூறுவதற்கில்லை. "வலி பத்துக்கு ஒன்பது" என்று கருவி நொடியில் அறிவித்துவிடுகிறது. மாத்திரையை வாங்கிவர ஒருவர் எழுபது கிலோமீட்டர் செல்லவேண்டியிருக்கிறது. அவ்வாறான இடத்தில் வாரந்தோறும் வலியைக் கேட்டுக்கொண்டேயிருப்பது நோயாளரின் நம்பிக்கையைத் தேய்க்கும். இரண்டு மூன்று முறை விடையளித்தும் ஒன்றும் நடவாதபோது அவர் மீண்டும் "பரவாயில்லை" என்றே எழுதத் தொடங்குவார். ஆகவே கருவியை நிறுவ விரும்பும் மாவட்டம் முதலில் வினவவேண்டியது, அருகில் மார்ஃபின் இருக்கிறதா என்பதே. 2019-ல் தொடங்கிய இ-சஞ்சீவனி என்னும் அரசுத் தொலைமருத்துவச் சேவையின் வாயிலாகக் கிராம நலவாழ்வு நிலையத்திலிருந்தே மருத்துவரைக் கலந்துகொள்ள வசதியுண்டு. குமட்டல், மலச்சிக்கல், வாய்ப்புண் முதலியவற்றிற்கு அதுவே பெரும்பாலும் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ வரும் செய்தியைப் படித்துக்காட்டி விடையழுத்துபவர் பல வீடுகளில் பள்ளிப் பிள்ளையே. இரவில் வலியால் முனகும் ஒருவரின் அருகில் இருந்து எண்களை அழுத்திவிட்டு மறுநாள் வகுப்புக்கு வரும் பிள்ளை உறக்கமின்றியிருந்தால் வியப்பில்லை. அப்பிள்ளையைத் தனியே அழைத்து வீட்டு நிலைமையை விசாரித்து, கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவித்தால் அச்சுமை பெரியவர்களிடம் மாறும். அப்பிள்ளை ஏற்றுக்கொள்ளவேண்டிய பணி அதுவன்று.

கருவி எதுவும் வந்து சேராத ஊர்களில் ஒரு நாற்பது பக்க நோட்டுப்புத்தகம் போதும். ஒரு நோயாளருக்கு ஒரு பக்கம். இடப்புறத்தில் வலி, அசதி, குமட்டல், வாந்தி, வெளிக்குப் போகாமை, மூச்சு, பசி, உறக்கம், காய்ச்சல், முதுகுவலி என்று பத்து வரிகள். மேலே வாரந்தோறும் தேதி. வாரத்தில் ஒரே நாளில், இயன்றால் ஒரே வேளையில், வீட்டுக்குச் சென்றோ தொலைபேசியிலோ நோயாளரையே கேட்டு எண்ணை எழுதவேண்டும். வலி பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ ஆனாலும், எந்த வரியிலும் சென்ற வாரத்தைவிட மூன்று ஏறினாலும், கீமோதெரபி பெறுபவருக்குக் காய்ச்சல் கண்டாலும், கால் தடுமாறினாலும் அன்றே செவிலியருக்கோ மருத்துவருக்கோ தெரிவிக்கவேண்டும் என்று அட்டையின் உட்புறத்தில் எழுதிக்கொள்க. அதற்கும் மேலே, முதல் வரியாக, யாரிடம் தெரிவிப்பது என்பதை அவருடைய தொலைபேசி எண்ணுடன் எழுதவேண்டும். அத்துடன் ஞாயிற்றுக்கிழமைகளிலும் இரவு பத்து மணிக்குப் பின்னும் அழைத்தால் எடுப்பவர் யார் என்பதையும், நோயாளரின் வீட்டார் முன்னிலையில் ஒருமுறை அவ்வெண்ணை அழைத்துப் பார்த்தபின், எழுதிவைக்கவேண்டும்.